டிஸ்ப்ளே வரல

(கணினி பழுதுபார்ப்போர், மாணவர்கள், பெற்றோர்கள் கூடியிருந்த அவையில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



போன வருஷம் ஆடி மாதம் ஒரு மாலை, ஒரு தந்தையும் மகனும் என் கடைக்கு வந்தார்கள். அப்பா ஸ்கூட்டரை ஓட்ட, பின்னால் மகன் கேபினெட்டைக் கைக்குழந்தை மாதிரி மடியில் அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பாலிடெக்னிக்கில் இரண்டாம் ஆண்டு படிக்கிற பையன். "கேம் போட்டா ஸ்கிரீன் முழுக்க மத்தாப்பு கொட்டுது அண்ணே" என்றான். அதற்கு முன் இரண்டு கடைகள் ஏறி இறங்கியிருந்தார்கள். இரண்டு இடத்திலும் ஒரே பதில்: கிராபிக்ஸ் கார்டு போய்விட்டது, புதிதுதான் வாங்க வேண்டும், இருபத்தெட்டாயிரம் ஆகும். அப்பா என்னிடம் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். "வேற வழி ஏதும் இருக்குதுங்களா? இல்லைன்னா இந்த மாசச் சீட்டைத் தள்ளி எடுத்துடறேன்."

கேபினெட்டை என் மேஜையில் வைத்து, என் மானிட்டரில் இணைத்து, அதே விளையாட்டை ஒரு மணி நேரம் ஓடவிட்டேன். ஒரு பொறிகூடத் தெரியவில்லை. அப்போதுதான் ஒன்று எனக்குப் பட்டது. அவர்கள் எடுத்து வந்தது கேபினெட்டை மட்டும். மானிட்டர் வீட்டில் இருக்கிறது, கேபிள் வீட்டில் இருக்கிறது. அப்படியானால் முந்தைய இரண்டு கடைகளிலும் அந்த மத்தாப்பைக் கண்ணால் பார்த்தவர் யார்? யாரும் இல்லை. பையன் சொன்னதைக் கேட்டார்கள், தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள்.

பையனிடம் கேட்டேன்: "எப்போ ஆரம்பிச்சுது தம்பி?" "புது மானிட்டர் வாங்கினதுலேர்ந்து அண்ணே." "பழைய கேபிளா, புதுசா?" "பழசுதான். புதுசோட வந்தது நீளம் பத்தலை." "சரி. வீட்டுக்குப் போ, மத்தாப்பு கொட்டும்போது ஒரு ஸ்கிரீன்ஷாட் எடு. அதே நேரம் போனால ஸ்கிரீனை ஒரு போட்டோவும் எடு. ரெண்டையும் அனுப்பு."

ராத்திரி ஒன்பது மணிக்கு வாட்ஸ்அப்பில் இரண்டும் வந்தன. போட்டோ முழுக்க வெள்ளைப் புள்ளிகள். ஸ்கிரீன்ஷாட்டோ கழுவித் துடைத்த கண்ணாடி மாதிரி இருந்தது. மறுநாள் அறுநூறு ரூபாய்க்கு ஒரு நல்ல கேபிள் வாங்கிக்கொண்டு போனார்கள். அந்தக் கார்டு இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது.

அந்த இரண்டு படங்களுக்கும் நடுவில் இருந்த வித்தியாசத்தைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

என் தகப்பனார் அச்சகத்தில் எழுத்துக் கோத்தவர். ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோத்து, மை தடவி, முதலில் ஒரு புரூஃப் எடுப்பார். புரூஃபிலேயே எழுத்து மாறியிருந்தால் தவறு கோப்பில் இருக்கிறது. புரூஃப் சுத்தமாக இருந்து, ஓடி வருகிற தாளில் மட்டும் எழுத்து மங்கினால், கோப்பில் கை வைக்கவே கூடாது. உருளையைப் பார்க்க வேண்டும், மையைப் பார்க்க வேண்டும், தாளைப் பார்க்க வேண்டும். கிராபிக்ஸ் கார்டுக்கு ஸ்கிரீன்ஷாட்தான் புரூஃப்.

ஏன் என்று சொல்கிறேன். நீங்கள் விளையாடும் விளையாட்டு, தான் காட்ட வேண்டிய காட்சியை டைரக்ட்எக்ஸ், வல்கன் போன்ற ஒரு பொதுமொழியில் சொல்கிறது. டிரைவர் அதை உங்கள் கார்டுக்குப் புரிகிற கட்டளையாக மாற்றுகிறது. கார்டின் நடுவில் இருக்கும் சிப், முப்பரிமாண வெளியில் புள்ளிகளை வைத்து, மூன்று மூன்றாக இணைத்து முக்கோணங்களாக்கி, ஒவ்வொரு முக்கோணத்துக்குள்ளும் வண்ணமும் வெளிச்சமும் நிரப்புகிறது. சிப்பைச் சுற்றி இருக்கும் மெமரி ஐசிகளில் அந்தப் படம் முழுதாகி உட்கார்ந்துகொள்கிறது. அதற்குப் பிறகுதான் கார்டில் இருக்கும் இன்னொரு பகுதி அந்தப் படத்தை வரி வரியாகப் படித்து, கேபிள் வழியாக மானிட்டருக்கு அனுப்புகிறது. ஸ்கிரீன்ஷாட் எடுக்கும்போது நமக்குக் கிடைப்பது மெமரியில் முழுதாகிவிட்ட படத்தின் நகல். கேபிளும் மானிட்டரும் அதைத் தொடவே இல்லை.

ஆகவே கோளாறு ஸ்கிரீன்ஷாட்டிலும் தெரிந்தால், படம் உருவாகும் இடத்திலேயே உடைகிறது: விளையாட்டு, டிரைவர், சிப், மெமரி. ஸ்கிரீன்ஷாட்டில் தெரியாமல் கண்ணுக்கு மட்டும் தெரிந்தால், படம் போகும் வழியில் உடைகிறது: கார்டின் போர்ட், கேபிள், மானிட்டர். ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், சந்தேகப்பட வேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிடுகிறது. ஒன்று மட்டும் கவனம்: ஸ்கிரீன்ஷாட்டை அதே மானிட்டரில் திறந்து பார்க்காதீர்கள். போனுக்கு அனுப்பிப் பாருங்கள். மானிட்டரே கோளாறு என்றால் அது எந்தப் படத்தையும் கெடுத்துத்தான் காட்டும்.

அந்தப் பையனுக்கு ஏன் விளையாட்டில் மட்டும் மத்தாப்பு கொட்டியது என்று நீங்கள் கேட்கலாம். பழைய மானிட்டர் 1920-க்கு 1080, நொடிக்கு 60 படம். அதாவது நொடிக்குச் சுமார் 12 கோடியே 44 லட்சம் திரைப் புள்ளிகள் கேபிளில் போக வேண்டும். புதிய மானிட்டர் 2560-க்கு 1440. டெஸ்க்டாப்பில் 60-லேயே விட்டிருந்தான். விளையாட்டு திறந்தவுடன் அது 144-க்குத் தாவியது. இப்போது நொடிக்கு 53 கோடிப் புள்ளிகள். நான்கு மடங்குக்கும் மேல். பழைய கேபிளால் அந்தச் சுமையைத் தாங்க முடியவில்லை. வழியில் தவறிய ஒவ்வொரு தகவலும் ஒரு வெள்ளைப் பொறியாகத் தெரிந்தது. எச்டிஎம்ஐ கேபிளில் இந்த மாதிரிப் பொறிகளைக் கண்டால், கார்டைக் கழற்றும் முன் கேபிளைக் கழற்றுங்கள்.

மடிக்கணினி வைத்திருப்பவர்களுக்கும் இதே சோதனை பொருந்தும். கூடுதலாக, வீட்டு டிவியில் இணைத்துப் பாருங்கள். டிவியில் படம் சரியாக வந்து, மடிக்கணினித் திரையில் மட்டும் கோடு விழுந்தால், மூடியைத் திறந்து மூடும் கீல் வழியாகப் போகிற மெல்லிய கேபிளிலோ திரையிலோதான் பழுது. அதற்காக மதர்போர்டை மாற்றச் சொன்னால் சம்மதிக்காதீர்கள்.

இனி, படம் உருவாகும் இடத்திலேயே உடைகிறது என்று வைத்துக்கொள்வோம். இங்கே கோளாறுக்கு உருவம் இருக்கிறது. அந்த உருவத்தைப் பார்க்கப் பழக வேண்டும். நாடி பிடிக்கிற வைத்தியருக்கு ஒவ்வொரு நடையும் ஒரு செய்தி. இங்கும் அப்படித்தான்.

தொலைவில் இருக்கும் மலையோ சுவரோ, நீங்கள் நகர நகர இரண்டு நிறங்கள் ஒன்றோடொன்று சண்டை போடுவதுபோல மினுக்கும். பலர் இதைப் பார்த்து மெமரி போய்விட்டது என்று பயந்து வருகிறார்கள். உண்மையில் கார்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. எந்தப் பொருள் முன்னே, எந்தப் பொருள் பின்னே என்று தெரிந்துகொள்ள, ஒவ்வொரு புள்ளிக்கும் அதன் தூரத்தைக் குறித்துவைக்கும் ஒரு பட்டியல் கார்டின் மெமரியில் உண்டு. ஆழப் பட்டியல் என்று வைத்துக்கொள்ளுங்கள். யூட்டா பல்கலைக்கழகத்தில் 1974-இல் எட்வின் கட்மல் தம் முனைவர் பட்ட ஆய்வில் விவரித்த முறை அது. பின்னாளில் பிக்சார் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர் அவர். அந்தப் பட்டியலில் தூரத்தை எழுத இருக்கும் இடம் அளவானது. கிட்டே இருப்பதை நுணுக்கமாக எழுதும், எட்ட இருப்பதை உத்தேசமாகத்தான் எழுதும். இரண்டு பரப்புகள் ஒன்றை ஒன்று ஒட்டி, வெகு தூரத்தில் இருந்தால், எது முன்னால் என்று படத்துக்குப் படம் தீர்ப்பு மாறுகிறது. அது விளையாட்டை வடிவமைத்தவர்கள் திருத்த வேண்டியது. உங்கள் கார்டு சொன்னதைத்தான் செய்கிறது.

அதே மாதிரி, சுவரும் தரையும் திடீரென்று ஊதாவும் கறுப்புமாகச் சதுரங்கப் பலகை போல் ஆகிவிடும். ஹாஃப்-லைஃப் 2, கேரிஸ் மாட் போன்ற விளையாட்டுகளை ஓடவிட்டவர்களுக்கு இது பழக்கம். கட்டங்கள் அத்தனை ஒழுங்காக இருப்பதே நமக்குத் தடயம். பரப்பின் மேல் ஒட்ட வேண்டிய படக்கோப்பு கிடைக்கவில்லை என்று அந்த விளையாட்டு வேண்டுமென்றே போடுகிற அடையாளம் அது. விடுபட்ட கோப்பைச் சேர்த்தால் சரியாகிவிடும். வேகமாகத் திரும்பும்போது படம் குறுக்கே கிழிந்து, மேல் பாதி ஓரிடமும் கீழ் பாதி ஓரிடமுமாக நிற்பதும் பழுது அல்ல. மானிட்டர் ஒரு படத்தைக் காட்டி முடிக்கும் முன் கார்டு அடுத்த படத்தைத் தள்ளிவிட்டது, அவ்வளவுதான். விளையாட்டின் அமைப்பில் வி-சிங்கைப் போட்டால் நின்றுவிடும்.

மாறாக, ஒரு பாத்திரத்தின் தோளிலிருந்தோ மரத்திலிருந்தோ கூரான முக்கோணங்கள் ஈட்டி மாதிரி வானத்துக்கு நீண்டால், அதுவும் எல்லா விளையாட்டிலும் அப்படி வந்தால், புள்ளிகளின் இடத்தைக் கணக்கிடும் வேலையிலோ அந்தக் கணக்கு வைக்கப்படும் மெமரியிலோ தவறு நடக்கிறது. சூடு, அளவுக்கு மேல் கூட்டிய வேகம், டிரைவர் என்று மூன்றையும் சந்தேகிக்க வேண்டும். வண்ணப் புள்ளிகள் நிலையான கட்டங்களாக, வரிசை தப்பாமல் திரை முழுக்க நின்றால் மெமரி ஐசியை நினையுங்கள். அப்படிப்பட்ட புள்ளிகள் விண்டோஸ் வருவதற்கு முன்பே, பயாஸ் திரையிலேயே தெரிந்தால் டிரைவரைக் குற்றம் சொல்ல முடியாது. டிரைவர் இன்னும் மேடைக்கே வரவில்லையே!

ஒரு விளையாட்டில் மட்டும் வருகிறதா, எல்லாவற்றிலும் வருகிறதா? திறந்தவுடன் வருகிறதா, இருபது நிமிஷம் கழித்து வருகிறதா? இந்த இரண்டு கேள்விக்கும் பதில் தெரிந்தால் எனக்குப் பாதி வேலை முடிந்தது. ஒன்றில் மட்டும் என்றால் விளையாட்டையும் டிரைவரையும் பார்ப்பேன். இருபது நிமிஷம் கழித்து என்றால் சூட்டைப் பார்ப்பேன். சுமை ஏறிய அந்த நொடியிலேயே மொத்தக் கணினியும் அணைந்து மறுபடி எழுந்தால் மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ்ஸைப் பார்ப்பேன்.

அடுத்து, திரை கறுத்து, இரண்டு மூன்று நொடி கழித்துத் திரும்பி வந்து, டிஸ்ப்ளே டிரைவர் பதில் தராமல் நின்று பிறகு மீண்டது என்று ஒரு செய்தி வருமே, அதைப் பற்றி. விண்டோஸ் விஸ்டா காலத்திலிருந்து உள்ள ஏற்பாடு இது. கொடுத்த வேலைக்குக் கார்டு 2 நொடிக்குள் பதில் தரவில்லை என்றால், விண்டோஸ் காத்திருப்பதை விட்டுவிட்டுக் கார்டையும் டிரைவரையும் மறுபடி தொடங்கவைக்கிறது. அதற்கு முந்தைய விண்டோஸ்களில் இந்த நிலை வந்தால் பெரும்பாலும் கணினியே உறைந்துவிடும். பவர் பட்டனை அழுத்திப் பிடிப்பதைத் தவிர வழி இருக்காது. செய்தியில் டிரைவர் என்ற பெயர் இருப்பதால் எல்லோரும் டிரைவரையே மாற்றி மாற்றிப் போடுகிறார்கள். பதில் தராமல் நின்றது யார் என்பதை மட்டும்தான் அந்தச் செய்தி சொல்கிறது, ஏன் நின்றது என்று சொல்வதில்லை. சூட்டால் நிற்கலாம், மின்சாரம் குறைந்து நிற்கலாம், வேகத்தைக் கூட்டியதால் நிற்கலாம், கணினியின் ரேம் பழுதாலும் நிற்கலாம். அந்த 2 நொடியை விண்டோஸின் ரெஜிஸ்ட்ரி பதிவேட்டில் போய் 10 நொடி ஆக்கச் சொல்லும் காணொளிகள் நிறைய உலவுகின்றன. நீண்ட கணக்குகளைக் கார்டில் ஓடவிடும் ஆராய்ச்சியாளருக்கு அது தேவைப்படலாம். விளையாடுகிற பிள்ளைகளுக்கு வேண்டாம். காய்ச்சல் குறையவில்லை என்றால் நாம் தெர்மாமீட்டரையா திருத்துவோம்?

டிரைவர் குற்றவாளியாகவே இருந்த காலமும் உண்டு, அதையும் மறைக்கக் கூடாது. 2010 மார்ச்சில், கிராபிக்ஸ் சிப் செய்யும் என்விடியா நிறுவனம் 196.75 என்ற டிரைவரை வெளியிட்டது. சில கார்டுகளில் அது விசிறியின் வேகத்தைச் சரியாகக் கூட்டவில்லை. விளையாட்டின் நடுவில் கார்டுகள் அளவுக்கு மீறிச் சூடாயின என்று புகார்கள் வந்தன. நிறுவனம் அந்தப் பதிப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. மென்பொருள்தானே, அதனால் இரும்புக்கு என்ன ஆகப்போகிறது என்று நினைப்பவர்கள் இந்தச் சம்பவத்தை நினைவில் வையுங்கள். விசிறியைச் சுழற்றுவதும் மென்பொருள்தான். எனவே டிரைவரைப் புதுப்பித்த மறுநாள் கோளாறு தொடங்கினால், பழைய பதிப்புக்குத் திரும்பிப் போய்ப் பாருங்கள். மேலுக்கு மேல் நிறுவாமல், சேஃப் மோடில் போய் டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலர் என்ற இலவசக் கருவியால் பழையதைச் சுத்தமாக எடுத்துவிட்டு, கார்டு நிறுவனத்தின் தளத்திலிருந்து மட்டும் எடுத்து நிறுவுங்கள்.

சூடு பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும். காரணம், நம் ஊர்.

2010 ஜூலையில் ஸ்டார்கிராஃப்ட் 2 என்ற விளையாட்டு வெளிவந்தது. போர்க்களத்தில் ஆயிரம் வீரர்கள் மோதும்போது அல்ல, ஒன்றுமே நடக்காத மெனுத் திரையில் சிலருடைய கார்டுகள் சூடாகி நின்றன. கேட்பவர்களுக்கு இது விசித்திரமாகப் படும். ஆனால் யோசித்துப் பாருங்கள். போர்க்களத்தை வரைய நேரம் பிடிக்கும். கார்டு நொடிக்கு 50, 60 படம்தான் தரும். மெனுவில் வரைய அதிகம் இல்லை. போதும் நிறுத்து என்று சொல்ல ஆள் இல்லாவிட்டால், கார்டு நொடிக்கு நூற்றுக்கணக்கில் அதே படத்தைத் திரும்பத் திரும்ப வரைந்துகொண்டே இருக்கும். அதை உருவாக்கிய பிளிசார்ட் நிறுவனம் படங்களின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்த, அமைப்புக் கோப்பில் சேர்க்க வேண்டிய இரண்டு வரிகளைச் சொன்னது: விளையாட்டுக்குள் 60, மெனுவில் 30.

பதினோரு வருஷம் கழித்து, 2021 ஜூலையில், அமேசானின் நியூ வேர்ல்டு விளையாட்டின் சோதனைப் பதிப்பில் சில ஆர்டிஎக்ஸ் 3090 கார்டுகள் ஒரேயடியாக உயிரை விட்டன. அமேசான் மெனுவில் படங்களின் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு வைத்தது. கார்டு செய்த ஈவிஜிஏ நிறுவனம் பழுதான 24 கார்டுகளை ஆராய்ந்து, மின்சாரம் தரும் மாஸ்ஃபெட் பகுதியைச் சுற்றிச் சால்டரிங் சரியில்லை என்று ஒப்புக்கொண்டது. உடைந்தது விளையாட்டாலா, கார்டாலா என்று இணையத்தில் பெரிய வழக்கே நடந்தது. என் கருத்து இது: நல்ல கார்டை எந்த விளையாட்டாலும் கொல்ல முடியாது. ஆனால் உள்ளுக்குள் பலவீனமான கார்டை, கட்டுப்பாடில்லாத ஒரு மெனு அம்பலப்படுத்திவிடும். எல்லா விளையாட்டிலும் உச்சவரம்பைப் போட்டு வையுங்கள். 60 அல்லது உங்கள் மானிட்டரின் வேகம். செலவில்லாத மருந்து.

2019-இல் ஏஎம்டி நிறுவனத்தின் ஆர்எக்ஸ் 5700 கார்டுகளின் சூட்டைப் பற்றிக் கேள்வி எழுந்தபோது, சிப்பின் மிகச் சூடான இடம் 110 டிகிரி வரை போவது தாங்கள் வகுத்த எல்லைக்குள் இருப்பதுதான் என்று அந்த நிறுவனம் சொன்னது. சரி, அவர்கள் கணக்கு. ஆனால் குளிர்பதனம் செய்த அறையில் 22 டிகிரியில் சோதித்த கார்டு, மே மாதம் மதியம் 38 டிகிரி அறையில், விசிறி அதே வேகத்தில் ஓடினால், ஏறக்குறைய அந்த 16 டிகிரியையும் சேர்த்துச் சுமக்கும். போதாக்குறைக்குத் தூசி. கடலோர ஊர்களில் உப்புக் காற்று. கேபினெட்டை மர மேஜையின் அடி அறைக்குள் தள்ளி, கதவையும் சாத்திவைக்கும் வழக்கம் வேறு.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை ப்ளோயரால் ஊதுங்கள். ஊதும்போது விசிறியை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். பிடிக்காவிட்டால் காற்றின் வேகத்தில் அது வெறிபிடித்துச் சுழன்று பேரிங் கெட்டுவிடும். தெர்மல் பேஸ்ட் மாற்றும் தோழர்களுக்கு ஒரு வார்த்தை: சிப்புக்குப் பேஸ்ட் போட்டுவிட்டு, மெமரி ஐசிகளின் மேலுள்ள ரப்பர் மாதிரிப் பட்டைகளை மறந்துவிடாதீர்கள். கிழிந்துபோனதற்குப் பதிலாகத் தடிமன் தெரியாமல் எதையோ ஒட்டினால், ஒன்று மெமரி ஹீட் சிங்கைத் தொடாது, அல்லது ஹீட் சிங்க் சிப்பைத் தொடாது. பேஸ்ட் மாற்றிய பிறகு அதிகச் சூடு என்று வரும் கார்டுகளில் முதலில் இதைத்தான் நான் தேடுகிறேன்.

சூட்டைவிடப் பொல்லாதது, சூடும் குளிரும் மாறி மாறி வருவது. சிப்பும் அதன் அடியில் இருக்கும் பலகையும் ஒரே அளவில் விரிவதில்லை. நடுவில் இரண்டையும் பிணைக்கும் நுண்ணிய சால்டர் பொட்டுகள்தான் ஒவ்வொரு தடவையும் அந்த இழுப்பைத் தாங்குகின்றன. ஆயிரம் தடவை தாங்கி, ஒரு நாள் விரிசல் விடுகின்றன. 2007 ஜூலையில் மைக்ரோசாஃப்ட், தன் எக்ஸ்பாக்ஸ் 360 விளையாட்டுக் கருவியின் மூன்று சிவப்பு விளக்குக் கோளாறுக்காக 100 கோடி டாலருக்கு மேல் ஒதுக்கி, உத்தரவாதத்தை 3 வருஷமாக நீட்டியது. 2021-இல் அந்நிறுவனமே வெளியிட்ட ஆவணப்படத்தில், சிப்புக்குள் இருந்த இணைப்புகள் சூடும் குளிருமாக மாறி மாறி முறிந்ததுதான் காரணம் என்று சொன்னார்கள். 2008 ஜூலையில் என்விடியா, மடிக்கணினிகளுக்குப் போன தன் சிப்புகளில் சிலவற்றைப் பொதியும் பொருள் பலவீனமானது என்று அறிவித்து, 15 முதல் 20 கோடி டாலர் ஒதுக்கியது.

இப்படி விரிசல் விட்ட கார்டை அடுப்பில் சுடுவது, ஹாட் ஏரால் சூடு காட்டுவது எல்லாம் நடக்கிறது. சூடு பட்டதும் விரிசல் ஒட்டிக்கொண்டு படம் வரும். எத்தனை நாளைக்கு? ஒரு வாரம், ஒரு மாதம். சமையல் செய்யும் அடுப்பில் அதைச் சுட்டு, சால்டரும் பிளாஸ்டிக்கும் சூடேறி வரும் புகையைக் குடும்பமே சுவாசிப்பதை என்னால் ஏற்க முடியாது. கடைக்காரத் தோழர்களே, ஹாட் ஏர் காட்டித்தான் ஆக வேண்டும் என்றால், இது நிரந்தரமான வேலை இல்லை என்பதை வாடிக்கையாளரிடம் வாய் திறந்து சொல்லிவிட்டுச் செய்யுங்கள். நம் தொழிலுக்கு இருக்கும் கெட்ட பெயரில் பாதி, சொல்லாமல் விட்ட அந்த ஒரு வாக்கியத்தால் வந்தது.

மின்சாரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மதர்போர்டு ஸ்லாட் 75 வாட் தரும். 6 பின் இணைப்பு 75, 8 பின் இணைப்பு 150. கார்டில் எத்தனை இணைப்பு இருக்கிறதோ அத்தனையும் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து நேராக வர வேண்டும். டிஸ்ப்ளே வரவில்லை என்று வருபவற்றில் கணிசமானவை, இந்த இணைப்பை மாட்ட மறந்தவை அல்லது பாதி மாட்டியவை. 2022 அக்டோபரில் வந்த ஆர்டிஎக்ஸ் 4090 ஒன்றே 450 வாட் இழுக்கும். அதன் புதிய வகை இணைப்பு சிலருக்கு உருகிப்போனது. அந்த நவம்பரில், சுமார் 50 நிகழ்வுகள் தெரியும், பெரும்பாலும் முழுதாகச் செருகாததே காரணம் என்று என்விடியா சொன்னது. பாதி செருகினால் மின்சாரமே வராத மாதிரி அந்த இணைப்பை அடுத்த வருஷம் திருத்தி அமைத்தார்கள். மனிதர் மறப்பார் என்று முன்கூட்டியே நினைத்து அதை முதலிலேயே அப்படிச் செய்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். நம் வீடுகளில் இருக்கும் 600 விஏ யுபிஎஸ் சுமார் 360 வாட்தான் தாங்கும். கரண்ட் போன நொடியில் விளையாட்டு ஓடிக்கொண்டிருந்தால் அது கையை விரித்துவிடும். அதற்குக் கார்டு என்ன செய்யும்?

மானிட்டர் கேபிளை எங்கே செருகியிருக்கிறீர்கள் என்பதையும் ஒருமுறை குனிந்து பாருங்கள். கார்டில் செருகாமல், மேலே மதர்போர்டில் இருக்கும் போர்ட்டில் செருகிவிட்டு, விலை கொடுத்து வாங்கிய கார்டு ஓடவே இல்லை என்று வருந்துபவர்கள் வாரம் ஒருவராவது வருகிறார்கள். படம் வருகிறது, ஆனால் விளையாட்டு மாட்டு வண்டி மாதிரி நகர்கிறது. படத்தைத் தருவது புராசஸருக்குள் இருக்கும் சின்ன கிராபிக்ஸ். கார்டு சும்மா உட்கார்ந்திருக்கிறது.

பழைய கார்டு வாங்குபவர்களுக்கும் ஒன்று. 2022 செப்டம்பர் 15-இல் எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயம், கார்டுகள் தேவைப்படாத முறைக்கு மாறியதும், அந்த நாணயத்துக்கான கணக்குப் போடும் சுரங்க வேலைக்காக இரவு பகலாக ஓடிய கார்டுகள் சந்தைக்கு வந்தன. சுரங்கத்தில் ஓடியது என்பதாலேயே ஒரு கார்டை ஒதுக்க வேண்டியதில்லை. விசிறியும் பட்டைகளும் தேய்ந்திருக்கும், அவற்றை மாற்றலாம். ஆனால் அரை மணி நேரம் ஒரு கனமான விளையாட்டை ஓடவிட்டுப் பார்க்காமல் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலோ வேறெங்கோ பணத்தை எண்ணி நீட்டாதீர்கள்.

கடைசியாக, வேலை செய்யும் முறை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். டிரைவரை மாற்றி, கேபிளை மாற்றி, கார்டைக் கழற்றித் துடைத்து, ரேமை ரப்பரால் தேய்த்து, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் செய்துவிட்டால் கோளாறு போகலாம். எதனால் போனது என்று உங்களுக்குத் தெரியாது. மறுபடி வந்தால் மறுபடியும் முதலிலிருந்து. என் மேஜையில் ஒரு நாற்பது பக்க நோட்டு எப்போதும் இருக்கும். மாற்றியது என்ன, விளைவு என்ன என்று இரண்டு பத்தி. அவ்வளவே. காசு செலவாகாத சோதனைகள் முதலில்: ஸ்கிரீன்ஷாட், வேறு போர்ட், கேபிள், வேறு விளையாட்டு, பழைய டிரைவர், உச்சவரம்பு, தூசி. அதன் பிறகு அதே கார்டை இன்னொரு கணினியில் போட்டுப் பார்ப்பது. அங்கேயும் அதே கோளாறு அதே உருவத்தில் வந்தால் மட்டுமே, கார்டு போய்விட்டது என்ற வார்த்தையை நான் சொல்கிறேன்.

அந்தத் தந்தை சீட்டைத் தள்ளி எடுக்கத் தயாராக இருந்தார் என்று சொன்னேன். இருபத்தெட்டாயிரம் ரூபாய் அந்த வீட்டுக்கு எத்தனை மாதச் சேமிப்பு என்று எனக்குத் தெரியும். ஆகவே சர்வீஸ் தோழர்களிடம் நான் கேட்பது இதுதான்: உங்கள் கண்ணால் பார்க்காத கோளாறுக்குப் பில் போடாதீர்கள். கார்டு பழுது என்றால், பழுதை வாடிக்கையாளருக்குத் திரையில் காட்டிவிட்டு, பிறகு விலையைச் சொல்லுங்கள்.

தம்பி தங்கைகளே, அடுத்த தடவை கடைக்குக் கேபினெட்டைத் தூக்கி வரும்போது நான்கு விஷயங்களைக் கூடவே கொண்டு வாருங்கள். கோளாறு நேரத்தில் எடுத்த ஸ்கிரீன்ஷாட், அதே நேரத்தில் போனில் எடுத்த படம், அது தொடங்கிய தேதி, அந்தத் தேதிக்கு முந்தைய வாரத்தில் வீட்டில் புதிதாக வந்த பொருள். மானிட்டர் கேபிளையும் மறக்காமல் எடுத்து வாருங்கள்.